வாண்டுமாமாவுக்குக் கிடைக்காத விருது

போன வாரம் வடக்குத்து போயிருந்தேன். அஞ்சாவது படிக்கிற அக்கா பொண்ணு கையில ஒரு புத்தகம். விருது வாங்கினதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. "மாமா, விருதுன்னா படிச்ச பசங்க எல்லாரும் ஓட்டு போடுவாங்களா?"ன்னு கேட்டா. முழிச்சேன். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி சுத்தும், பொறுத்துக்கோங்க மக்களே.

எங்களுக்குப் புத்தகம்னா ஜூலை மாசம்தான். என்.எல்.சி. 1998ல ஆரம்பிச்ச நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்கு, ஷிப்ட் முடிஞ்சு வந்த அப்பா என்னை வண்டியில உக்கார வச்சு டவுன்ஷிப்புக்குக் கூட்டிட்டுப் போவார். ஆளுக்கு நூறு ரூபாய்தான் பட்ஜெட். என் முதல் வாண்டுமாமா அங்க வாங்கினதுதான். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல்ல வீட்டு ஓடு பறந்து, அந்தப் புத்தகம் தண்ணில ஊறிக் கூழாப் போச்சு. முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சு ஊரே அழுதப்ப, நான் புத்தகத்துக்காக அழுதேன். வெளில சொல்லல :-)

இப்ப வரலாறு. அமெரிக்காவுல நியூபெரி விருது 1922லயே வந்தாச்சு. 1928ல அதை வாங்கினவர் நம்ம வங்காளத்துக்காரர் தன் கோபால் முகர்ஜி, ஒரு புறாவோட கதைக்காக. இங்க சாகித்ய அகாதெமி 1955லேர்ந்து விருது கொடுக்குது. ஆனா குழந்தை இலக்கியத்துக்குன்னு தனியா பால சாகித்ய புரஸ்கார் வந்தது 2010லதான். ஐம்பதாயிரம் ரூபாயும் ஒரு செப்புப் பட்டயமும். இடையில ஐம்பத்தஞ்சு வருஷம்!

குழந்தை எழுத்தாளர் சங்கத்தை 1950ல உருவாக்கின அழ. வள்ளியப்பா, 1989லயே போயிட்டார். அவர் மகள் தேவி நாச்சியப்பனுக்கு 2019ல இந்த விருது வந்தது. 'பூந்தளிர்' ஆசிரியரா காக்கை காளியையும் வேட்டைக்கார வேம்புவையும் தமிழ் பேச வச்ச வாண்டுமாமா 2014 ஜூன் வரைக்கும் இருந்தார். அதுக்குள்ள நாலு வருஷ விருது கொடுத்தாச்சு. நாலுலயும் அவர் பேர் இல்ல. வாங்கினவங்க சோடைன்னு சொல்ல வரல. 2011ல வாங்கின ம.இலெ. தங்கப்பா (சோளக்கொல்லைப் பொம்மை), சங்கப் பாட்டை இங்கிலீஷுக்குக் கொண்டுபோனவர். ஆனாலும் வாண்டுமாமாவை விட்டது எனக்கு இன்னும் ஆறல.

எங்க மாவட்டத்துக் கதை ஒண்ணு. கடலூர்ல வாத்தியாரா இருந்த இரா. நடராசனுக்கு 2014ல 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' விருது வாங்கிக் கொடுத்துச்சு. ஆனா அவரை எல்லாரும் கூப்பிடுறது 'ஆயிஷா' நடராசன்னுதான். பிரம்படி வலிக்காம இருக்க மருந்து கண்டுபிடிக்கப் போய் உயிரை விட்ட பொண்ணோட கதை அது. சின்னப் பசங்களுக்குன்னு எழுதினதே இல்ல. அதான் கைமாறிக் கைமாறி இவ்வளவு தூரம் வந்திருக்கு. விருது ஒரு புத்தகத்துக்கு, பட்டப்பேர் இன்னொண்ணுக்கு!

சரி, பாப்பா கையில இருந்தது எதுன்னு சொல்லலியே. 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2020 விருது. எழுதினவர் யெஸ். பாலபாரதி. ஆமாங்க, 'விடுபட்டவை' எழுதின நம்ம பதிவுலக ஆள்தான்! குழந்தைங்க மேல நடக்கிற பாலியல் சீண்டல் பத்தின கதை. அக்கா அதை வாங்கினதுக்குக் காரணம் விருது இல்ல. நேர்ல சொல்ல ஆரம்பிச்சு ரெண்டு தடவை பாதியில எழுந்து போயிட்டாளாம். எங்க வீட்ல யாரும் யாருக்கும் சொல்லாத விஷயம் அது, எனக்கும் யாரும் சொல்லல.

"ஓட்டெல்லாம் கிடையாது பாப்பா, பெரியவங்க மூணு பேர் உக்காந்து முடிவு பண்ணுவாங்க"ன்னேன்.

"அவங்க மரப்பாச்சி வச்சு விளையாடியிருக்காங்களா?"ன்னு கேட்டுட்டு, பதிலுக்குக் காத்திருக்காம அடுத்த பக்கத்தைத் திருப்பிட்டா.