ஃபென்டானில் பிளாஸ்திரி: ஒரு வரலாற்று ஆராய்ச்சி

பெல்ஜியம் நாட்டு வைத்திய விஞ்ஞானியாகிய பால் யான்சென் 1960-ஆம் ஆண்டளவில் உருவாக்கியதும், மார்ஃபினைக் காட்டிலும் ஏறத்தாழ நூறு மடங்கு வீரியமுள்ளதுமான ஃபென்டானில், சத்திரசிகிச்சைக் கூடத்தில் மயக்க மருந்து நிபுணரின் நேர்ப்பார்வையில் ஊசிவழி ஏற்றப்படும் ஔஷதமாகவே நெடுங்காலம் இருந்துவந்தது. நோயாளியின் வீட்டுக்குள், அதுவும் சாதாரணப் பிளாஸ்திரியின் உருவில், அது பிரவேசிப்பதற்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன.

அதற்கு வழி வகுத்தவர், உருகுவே நாட்டிற் பிறந்து, 1968-இல் கலிபோர்னியாவில் ஆல்ஸா நிறுவனத்தைத் தோற்றுவித்த அலெஹாந்த்ரோ ஸஃபரோனி. பிரயாணக் குமட்டலைத் தடுப்பதற்காகக் காதின் பின்புறம் ஒட்டும், அந்நிறுவனம் ஆக்கிய ஸ்கோபாலமின் பிளாஸ்திரிக்கு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 1979-இல் அனுமதி அளித்ததும், தோல்வழியே மருந்தைச் செலுத்தும் இம்முறைக்கு ஏற்ற வேறு மருந்துகள் எவை என்னும் தேடல் மும்முரமாயிற்று. சிறிய மூலக்கூறும், கொழுப்பிற் கரையும் இயல்பும், மிக அற்ப அளவிலேயே வேலை செய்யும் வீரியமும் ஒருங்கே வாய்ந்த ஃபென்டானில் அதற்கு மிகப் பொருத்தமாயிருந்தது. 1990-இல் ட்யூரஜெசிக் என்ற பெயரில் அது அனுமதி பெற்றது. வெளிப்புறத்தே ஒரு காப்புத் தாள், அதனடியில் மருந்தும் ஆல்கஹாலும் கலந்த கூழ், கூழின் கசிவை மட்டுப்படுத்தும் மெல்லிய சவ்வு, இறுதியில் பசை என்பதே அதன் அமைப்பு. மூன்று நாட்களுக்கு ஒன்று போதும். விழுங்க இயலாத புற்றுநோயாளிகளுக்கு அது பேருபகாரம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த உபகாரத்தின் காரணமே அபாயத்தின் காரணமுமாயிற்று. மருந்து முதலில் சருமத்திலேயே தேங்கிப் பின்னரே இரத்தத்திற் கலப்பதால், அதன் முழுப் பலன் தெரிய ஒரு நாள் வரை ஆகிறது. பிளாஸ்திரியைப் பிய்த்தெறிந்த பின்னும், இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையப் பதினேழு மணி நேரமோ அதற்கு மேலுமோ செல்கிறது. சத்திரசிகிச்சைக்குப் பின் எழும் வலி மணிக்கு மணி ஏறி இறங்குவது. அதற்கு இதைக் கொடுத்தால் வலி தணிந்த பிறகும் மருந்து ஏறிக்கொண்டேயிருந்து சுவாசத்தை மந்தமாக்கிவிடும். 1994-லேயே இது குறித்து எச்சரிக்கை விடுக்கப்பட்டது. எனினும் 2005-இலும் 2007-இலும் கட்டுப்பாட்டு நிர்வாகம் மறுபடியும் அறிவுரை வெளியிட நேர்ந்தது. தலைவலிக்கும் சில்லறை நோவுக்கும்கூட மருத்துவர்கள் இதனை எழுதிக்கொடுத்தார்கள் என்பதைக் காணும்போது, குற்றத்தை நோயாளியின் அஜாக்கிரதை மேல் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் மார்ஃபின் அளவையோ, அதற்கு ஈடான வேறு மருந்தையோ குறைந்தது ஒரு வாரமாவது உட்கொண்டு பழகிய தேகத்துக்கே இது உரியது. வெந்நீர் ஒத்தடமோ கடும் ஜுரமோ மருந்து உட்கவர்தலை அதிகரிக்கும்; 40 டிகிரி செல்சியஸ் ஜுரத்தில் இரத்தத்திலுள்ள அளவு மூன்றில் ஒரு பங்கு கூடக்கூடும் என்பது கணக்கு.

அமைப்பிலும் ஊனம் இருந்தது. கூழ் கசிந்த பிளாஸ்திரிகள் 2004-இலும் 2008-இலும் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. 2009-இல் மருந்தைப் பசையிலேயே கரைத்து வைக்கும் புதிய வகை ட்யூரஜெசிக்கிற்கு அனுமதி கிடைத்தது. கசிவு நின்றது, ஏனைய அபாயங்கள் அப்படியே இருந்தன.

அவற்றுள் நெஞ்சை உறுத்துவது, கழற்றிய பிளாஸ்திரியின் கதை. மூன்று நாள் ஒட்டியிருந்து கழற்றப்பட்டவற்றை 1995-இல் பரிசோதித்தபோது, ஆரம்ப மருந்தில் 28 முதல் 84 சதவீதம் வரை அவற்றில் எஞ்சியிருந்தது. தரையிற் கிடந்ததைத் தவழும் குழந்தை எடுத்து வாயில் வைப்பதும், பாட்டனாரின் மேலிலிருந்து நழுவியது மடியிலிருக்கும் பேரனின் தோலில் ஒட்டிக்கொள்வதும் இதனாலேயே பிராணாபாயமாக முடியக்கூடியவை. பதினைந்து ஆண்டுகளில் இவ்வாறு குழந்தைகளுக்கு நேர்ந்ததாக அறிவிக்கப்பட்ட 26 விபத்துகளில் பத்து மரணத்தில் முடிந்தன எனவும், பதினாறு குழந்தைகள் இரண்டு வயதோ அதற்குக் குறைவோ ஆனவர்கள் எனவும் 2012-இல் அந்நிர்வாகமே தெரிவித்தது. பெரும்பாலான மருந்துகளைக் கழிவறையிற் கொட்டலாகாது என்று உபதேசிக்கும் அதே நிர்வாகம், இதை ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்து உடனே கழிவறையில் விட்டு நீரூற்றச் சொல்வது முரணாகத் தோன்றலாம்; குப்பைத் தொட்டியிலிருந்தும் ஒரு குழந்தை அதை எடுத்துவிடக்கூடும் என்பதை எண்ணினால் முரண் தீரும். மருந்தின் பெயரையும் அளவையும் தெளிவாகத் தெரியும் அழியாத மையில் அச்சிட வேண்டும் என்னும் ஆணை, அனுமதி கிடைத்து இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்த பின், 2013-இல்தான் பிறந்தது.