பிரிண்டருக்கு முன்னால் ஒரு பாஸிங் ஆபீசர்

பிரிண்ட் கொடுத்தால் பேப்பர் வருகிறது. நடுவில் என்ன நடக்கிறது? வங்கி பாஷையில் சொன்னால், வவுச்சருக்கும் லெட்ஜருக்கும் நடுவே பாஸிங் ஆபீசர் இருக்கிற மாதிரி, யூனிக்ஸில் ஃபில்டர் என்றொரு ஆசாமி உண்டு.

பெர்க்லி யூனிக்ஸில், எந்தப் பிரிண்டருக்கு எந்த ஃபில்டர் என்று பிரிண்ட்கேப் கோப்பில் எழுதி வைப்பார்கள். வெறும் எழுத்துக்கு அது போதும். 1985-இல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் வந்தது. உள்ளேயே போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க மொழி. விலையோ 6,995 டாலர்! மலிவு பிரிண்டர்களுக்கு அந்த மொழி புரியாது.

1988-இல் பீட்டர் டாய்ச்சின் கோஸ்ட்ஸ்கிரிப்ட் வெளிவந்தது. போஸ்ட்ஸ்கிரிப்டைக் கணினியிலேயே புள்ளிகளாக மாற்றிவிடும். புள்ளிகள் பிரிண்டருக்குப் போனால் ஃபில்டர், திரைக்குப் போனால் பிரிவியூ. பார்ப்பதும் அச்சாவதும் ஒத்துப்போனது இதனால்தான். இரண்டும் ஒரே கை வேலை.

1999-இல் வந்த மைக்கேல் ஸ்வீட்டின் கப்ஸ், தேவையான ஃபில்டர்களைத் தானே வரிசையாகக் கோத்துக்கொண்டது. வசதிதான். ஆனால் 2024 செப்டம்பரில் ஒரு வில்லங்கம் வெளியானது. நெட்வொர்க்கில் ஒரு போலி பிரிண்டர் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, ஃபில்டர் ஓட்டவேண்டிய கட்டளையையும் எழுதித் தரலாம். யாராவது அதில் பிரிண்ட் கொடுத்தால் கட்டளை ஓடிவிடும். வவுச்சர் கொண்டுவந்தவனே பாஸிங் ஆபீசருக்கு உத்தரவு போட்ட கதை!

திருத்தங்கள் வந்துவிட்டன. உங்கள் லினக்ஸில் கப்ஸ்-ப்ரௌஸ்ட் தேவைப்படாவிட்டால் நிறுத்தி வையுங்கள்.