நிலக்கரியில் அளந்த வாடகை

எந்திரத்தின் வாடகையை அதன் விலையை வைத்து மதிப்பிடுவதே நம் வழக்கம். அது பாதிக் கணக்குதான். இங்கிலாந்தின் கார்ன்வால் செம்புச் சுரங்கங்கள் இதற்கு நல்ல சான்று. அங்கே நிலக்கரி கிடையாது; வேல்ஸிலிருந்து கப்பலில் வரவேண்டியிருந்தது. சுரங்கத்து நீரை இறைத்த பழைய நியூகோமன் நீராவி எந்திரத்தை வாங்குவதைவிட அதற்குத் தீனி போடுவதே பெருஞ்செலவு. குறைந்த கரியில் ஓடும் புதிய எந்திரத்தை அளித்த ஜேம்ஸ் வாட்டும் அவருடைய கூட்டாளி மேத்யூ போல்டனும் இதைப் புரிந்துகொண்டார்கள். உதிரிபாகங்களுக்கும் கட்டுமானத்துக்கும் சுரங்கக்காரரே பணம் போட்டார். பழைய எந்திரத்தோடு ஒப்பிட்டு மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு இவர்களுக்கு. எந்திரம் எத்தனை முறை அசைந்தது என்பதைப் பூட்டிய பெட்டிக்குள் ஒரு கருவி எண்ணியது.

என் காசில் கட்டிய எந்திரத்துக்கு நான் ஏன் வாடகை தரவேண்டும் என்று சுரங்கக்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு அவர்களிடமே தங்கியது. மிச்சமே இல்லையென்றால் வாடகையும் இல்லை. ஆகவே ஏற்பாடு அநீதியானதல்ல என்பேன். அநீதி அதன் நீட்சியில் இருந்தது. 1769இல் வாட் பெற்ற காப்புரிமையை 1775இல் நாடாளுமன்றம் 1800 வரை நீட்டித்தது. நியூகோமன் எந்திரங்கள் மறைந்த பிறகு எதோடு ஒப்பிடுவது? ஆலைச் சக்கரம் சுழற்றும் எந்திரங்களுக்கு வாட்டும் போல்டனுமே அந்த முறையை விட்டு, குதிரைத்திறனுக்கு இவ்வளவு என ஆண்டுக் கட்டணத்துக்கு மாறினார்கள். கார்ன்வாலில் வழக்குகள் மூண்டன, பாக்கிகள் குவிந்தன. உரிமை முடிந்தபின், 1811 முதல், அங்குள்ள எந்திரங்கள் எரித்த கரிக்கு எவ்வளவு நீர் இறைத்தன என்ற விவரம் மாதந்தோறும் அச்சாகி எல்லோர் கைக்கும் வந்தது.