அக்காவின் லேப்டாப்பில் இருந்த இன்னொரு கதவு

"கவர்மெண்ட் லேப்டாப்பாக்கா? இதுல விண்டோஸ் பதினொன்னு நேரா ஏறாது. டிபிஎம் செக்கைத் தூக்கிட்டு ஏத்தலாம். ஆனா அப்டேட் வரும்னு என்னால சொல்ல முடியாது."

சேத்தியாத்தோப்பு கடைவீதியில் ரிப்பேர் கடைத் தம்பி சொன்னது இது. 2012-ல் பிளஸ் டூ படிக்கும்போது அக்காவுக்குக் கிடைத்த லேப்டாப். மூடியில் இருந்த முதல்வர் படம் பாதி தேய்ந்துவிட்டது. தெருவில் யாருக்கு ஆன்லைன் விண்ணப்பம் போடணும்னாலும் அக்காகிட்டதான் வருவாங்க. எத்தனையோ பேரின் ஆதார் நகல் அதற்குள் கிடக்கிறது. அதனால்தான் பயம். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் வராத மெஷினில் ஊரார் ஆவணங்களை வைத்திருப்பது சரியா?

2021-ல் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், பெரும்பாலும் 2017-க்குப் பிந்தைய பிராசஸரையும் கேட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கோடிக்கணக்கான கணினிகள் இந்த ஒரு நிபந்தனையால் பழையதாகிப் போயின. குறுக்கு வழியில் ஏற்றலாம். ஆனால் அப்படிப்பட்ட கணினிகளுக்கு அப்டேட் உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது.

இந்தக் கதை தமிழ்நாட்டுக்குப் புதுசில்ல. 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பி-க்கு ஆதரவு நின்றபோது, அரசுத் துறைகளை 'பாஸ்' லினக்ஸுக்கு மாறச் சொன்னது தமிழக அரசு. டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. அதற்கும் முன்பே, 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பக்கத்திலேயே பாஸும் இருந்தது. ஆன் செய்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

நாங்க என்ன செஞ்சோம்? ஸ்டார்ட்டரில் வால்பேப்பர்கூட மாத்த முடியாது. அதனால் நூறு இருநூறு கொடுத்து கடையில் 'முழு விண்டோஸ்' போட்டோம். படம் வைக்க இடம் வேணும்னு பாஸை அழிச்சோம். அது எதுக்குன்னு வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. மெஷினைக் கொடுத்தார்கள், சாவியையும் கொடுத்தார்கள். எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்று சொல்லவில்லை.

லினக்ஸும் எல்லாவற்றையும் என்றென்றைக்கும் சுமக்காது. 2012 டிசம்பரில் இன்டெல் 386 சில்லுக்கான ஆதரவை அதன் கெர்னலிலிருந்து நீக்கினார்கள். ஆனால் அந்தச் சில்லு வந்தது 1985-ல்! அங்கேயும் கெடு உண்டு, ஆனால் அதை ஒரு கம்பெனியின் விற்பனைக் கணக்கு மட்டுமே முடிவு செய்வதில்லை. வேண்டுமென்பவர்கள் மூலநிரலை எடுத்துத் தாங்களே பராமரிக்கலாம்.

கடைசியில் ரேமை 4 ஜிபி ஆக்கி, பென்டிரைவிலிருந்து ஒரு லேசான லினக்ஸ் போட்டோம். வைஃபை உடனே வந்தது. பிரிண்டர் வழிக்கு வர ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. முதல் விண்ணப்பத்தை அச்செடுத்துவிட்டு அக்கா கேட்டாள்:

"இந்த மாதிரி ஒண்ணு அன்னைக்கே இதுல இருந்துச்சுல்ல? நாமதானடா அழிச்சோம்?"