சக்கர நாற்காலியில் ஒரு சர்ஜன்

மலர்க் குழுவினர் "வரலாற்று மாணவர் நீங்கள், ஒரு கட்டுரை தாருங்கள் சார்" என்று கேட்டபோது, வகுப்பில் படித்த சோழர் ஆட்சியும் பிரெஞ்சுப் புரட்சியும்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தன. ஆனால் என் சொந்த வாழ்க்கையைத் தொட்ட வரலாறு வேறு. அது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. வேலூரை அடுத்த பாகாயத்தில் எனக்குக் கிடைத்தது.

1992-இல் என் தம்பி புளியமரத்திலிருந்து விழுந்தான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. முதுகுத் தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே போய்விட்டது. "ஞாயிறு தவறாம கோயிலுக்குப் போனோமேடா, கர்த்தர் ஏன் நமக்கு இப்படிப் பண்ணிட்டாரு?" என்று அம்மா அழுதார்கள். மூத்த மகன் நான் என்ன பதில் சொல்வது? எனக்குள்ளும் அதே கேள்விதான். குடும்ப ஜெபத்தில் வாயைத் திறக்கவே முடியாத நாட்கள் அவை.

சில மாதங்கள் கழித்து அவனைப் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மறுவாழ்வு நிலையத்தில் சேர்த்தோம். அந்த நிலையம் உருவான கதையை அங்கேதான் அறிந்தேன்.

டாக்டர் மேரி வர்கீஸ் 1925-இல் பிறந்தவர். கொச்சியை அடுத்த செராய் அவரது ஊர். வேலூர் சி.எம்.சி.யில் படித்து, அங்கேயே இளம் டாக்டராகப் பணியில் இருந்தார். 1954-இல் சக டாக்டர்களோடு சென்ற வாகனம் விபத்துக்குள்ளானது. முகத்தில் காயம், முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டு இரண்டு கால்களும் செயலிழந்தன. எத்தனை அறுவைச் சிகிச்சை செய்தும் கால்கள் திரும்பவில்லை.

டாக்டர் பால் பிராண்ட் அப்போது வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்து வந்தார். தொழுநோய் நரம்பைத் தாக்கினால் விரல்கள் மடங்கி, உணர்ச்சியும் போய்விடும். நன்றாக இயங்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யும்படி இணைப்பதுதான் அந்தச் சிகிச்சை. கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? அந்த வேலையைத்தான் பிராண்ட் மேரிக்குக் காட்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து அவர் ஆபரேஷன் செய்யத் தொடங்கினார். கால்களில் உணர்ச்சி இல்லாத டாக்டர், கைகளில் உணர்ச்சி இல்லாத நோயாளிக்கு விரல்களைத் திருப்பித் தந்தார்!

அத்துடன் அவர் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரிலும், பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க்கின் நிலையத்திலும் பயிற்சி பெற்றார். திரும்பி வந்து 1963-இல் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைவரானார். 1966-இல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையம் பாகாயத்தில் திறக்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய நிலையங்களில் இதுவே முதலாவது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986-இல் மறைந்தார்.

என் தம்பி அங்கே என்ன கற்றான் தெரியுமா? படுக்கையில் குறித்த நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்க, நாற்காலியில் இருக்கும்போது கைகளை ஊன்றி உடம்பைத் தூக்க, கண்ணாடி வைத்துத் தன் தோலைத் தானே பார்க்க. உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வந்தால் வலி சொல்லாது. அந்தப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே இப்படிப்பட்டவர்களின் உயிரை வாங்குபவை. முதல் வாரம் கண்ணாடியை வீசி எறிந்தான். "எதுக்குண்ணே இதெல்லாம்?" என்றான். மேரி அம்மையாரின் கதையைச் சொன்னேன். அன்று ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில், "அந்தக் கண்ணாடிய எடுண்ணே" என்றான்.

அம்மாவின் "ஏன்?" என்ற கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. யோபுவின் புத்தகம் 42 அதிகாரம் ஓடுகிறது. கர்த்தர் பேசும்போதுகூட யோபுவுக்குக் காரணம் சொல்வதில்லை. மேரி அம்மையாருக்கும் விபத்துக்கான காரணம் கிடைத்ததாகத் தெரியவில்லை. கிடைத்தது ஒரு வேலை. "போனது போகட்டும், மிச்சம் இருக்கும் இந்தக் கைகளை என்ன செய்யலாம்?" என்று அவர் கர்த்தரிடம் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். உபத்திரவம் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன்; என் தம்பியைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் உபத்திரவத்தின் நடுவே விசுவாசம் பிழைக்கும், அதற்குச் செய்ய ஒரு வேலை இருந்தால்.

தம்பி இப்போது எங்கள் ஊர்க் கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கிறான். அம்மா மறையும்வரை அவன் தள்ளுவண்டி முன்னே போக, பின்னே கோயிலுக்கு நடந்தார்கள். நானும் மறுபடி வாய்விட்டு ஜெபிக்கிறேன்.

இந்நாள் மாணவத் தம்பி தங்கைகளே, உங்களில் யாராவது இப்போது அந்த "ஏன்?" என்ற கேள்வியோடு இருந்தால், ஒருநாள் பாகாயம் பக்கம் போய்விட்டு வாருங்கள். அங்கே உங்களுக்குப் பதில் கிடைக்காமல் போகலாம். துணை நிச்சயம் கிடைக்கும்.