காயமா, ஏச்சா?

1973-ஆம் ஆண்டு. அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த புதிது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான்; ஆங்கிலம் அரைகுறை. ஆலைத் தொழிலாளி ஒருவரின் மனுவில் 'இன்ஜூர்ட்' என்று இருந்தது. பிரெஞ்சில் 'அன்ழூர்' என்றால் வசை. மேஸ்திரி திட்டியதற்கான புகார் என்று குறிப்பெழுதி வேறு பிரிவுக்கு அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அவரே வந்து நின்றார். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அது இழப்பீட்டு மனு!

அன்று பட்ட வெட்கத்தில்தான் அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடினேன். இரண்டுக்கும் தாய் 'இனியூரியா' என்ற லத்தீன் சொல். 'யூஸ்' என்றால் நியாயம். 'இன்' சேர்ந்தால் அநியாயம். கி.மு. 450 வாக்கில் எழுந்த ரோமானியரின் பன்னிரு பலகைச் சட்டம், எலும்பை முறித்தால் 300 காசு, சில்லறை 'இனியூரியா'வுக்கு 25 காசு என்று தண்டம் வைத்தது. பிற்காலத்தில் காசின் மதிப்பு சரிந்தது. வெராத்தியுஸ் என்ற பணக்காரன் வழியில் போவோரைக் கன்னத்தில் அறைவானாம். பின்னால் வரும் அடிமை பையிலிருந்து 25 காசு எண்ணிக் கொடுப்பானாம். பிறகுதான் தண்டத்தை வழக்குக்கு வழக்கு மதிப்பிடும் முறை வந்தது.

பிரெஞ்சில் இச்சொல் வாயால் செய்யும் அவமதிப்பாகக் குறுகியது. 1881-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்திலும் அதே பொருள்தான். ஆங்கிலப் பேச்சு வழக்கிலோ பெரும்பாலும் உடற்காயம். ஆனால் 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, உடல், மனம், நற்பெயர், உடைமை எதற்குச் சட்டவிரோதமாகத் தீங்கு செய்தாலும் 'இன்ஜுரி' என்றது. அந்தச் சட்டம் எங்கள் ஊருக்கு 1963-இல் வந்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் இதே விளக்கத்தை வைத்திருக்கிறது. நம் வள்ளுவரின் 'இன்னா செய்யாமை' அதிகாரத்தில் வரும் 'இன்னா'வும் அவ்வளவு அகலமான சொல்தான்.

அன்று அந்தத் தொழிலாளியிடம் என் தவற்றைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"நீங்க எழுதினதும் பொய் இல்லீங்க. விரல் போன அன்னிக்கு, மிஷினைக் கெடுத்துட்டேன்னு மேஸ்திரி ஏசினாரு. ஆனா அதை யாரும் மனுவுல எழுதச் சொல்லலை" என்றார்.

கோப்பை நானே கையோடு எடுத்துப்போய் உரிய பிரிவில் சேர்த்தேன். விரலுக்கு மட்டும் இழப்பீடு கிடைத்தது.