வெப்பம், காற்று, குளிர்: கட்டட வளிப்பதனத்தின் வரலாறு

வெப்பமூட்டல், காற்றோட்டம், வளிப்பதனம் ஆகிய மூன்றையும் ஒரே அமைப்பாகச் செய்யும் ஏற்பாட்டைப் பொறியாளர்கள் எச்.வி.ஏ.சி. என்று சுருக்கமாக அழைக்கின்றனர். மருத்துவமனை, அலுவலகம், விமான நிலையம், திரையரங்கு என எந்தப் பெரிய கட்டடமும் இன்று இது இல்லாமல் இயங்குவதில்லை. ஆனால் இம்மூன்றும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளுக்காகத் தோன்றியவை. 20ஆம் நூற்றாண்டில் அவை ஒன்றிணைந்தபோது குளிர்ச்சி முதலிடம் பெற்றது; தூய வெளிக்காற்று பின்னுக்குப் போனது. அதற்கான விலையை மக்கள் தம் உடல்நலத்தால் கொடுக்க நேர்ந்தது.

வெப்பமூட்டல்

குளிர் நாடுகளில் முதலில் எழுந்த தேவை வெப்பம். பண்டைய உரோமானியர் தம் குளியல் மண்டபங்களின் தரையைச் சிறு செங்கல் தூண்கள்மீது உயர்த்திக் கட்டினர். பக்கத்திலிருந்த அடுப்பின் சூடான புகை தரைக்கடியில் பரவி, சுவருக்குள் பதித்த சுடுமண் குழாய்கள் வழியே மேலேறியது. அறைக்குள் புகை வராமல் தரையும் சுவரும் சூடேறின. 19ஆம் நூற்றாண்டில் நீராவிக் குழாய்களும் வெந்நீர்க் குழாய்களும் இப்பணியை ஏற்றன.

காற்றோட்டம்

1834ஆம் ஆண்டு இலண்டன் நாடாளுமன்றக் கட்டடம் தீக்கிரையானது. தற்காலிகமாக அமைக்கப்பட்ட மக்களவைக் கூடத்தில் நெரிசலையும் கெட்ட காற்றையும் சமாளிக்க, டேவிட் பாஸ்வெல் ரீட் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர் 1836இல் ஓர் ஏற்பாட்டைச் செய்தார். தரையில் இடப்பட்ட எண்ணற்ற சிறு துளைகள் வழியே வெளிக்காற்று உள்ளே வந்தது. கூரைவழி வெளியேறிய காற்றை, அடியில் நெருப்பு எரியும் ஓர் உயர்ந்த புகைபோக்கி இழுத்துக்கொண்டது. உறுப்பினர்களில் சிலர் குளிர்கிறது என்றனர்; சிலர் புழுங்குகிறது என்றனர். இன்றைய அலுவலகங்களில் நடக்கும் ஏசி சண்டையின் முன்னோடி இது எனலாம்.

காற்றோட்டம் உடல்நலம் சார்ந்தது என்ற எண்ணம் அந்நூற்றாண்டு முழுவதும் வலுப்பெற்றது. அதன் இறுதியில், ஒருவருக்கு நிமிடத்துக்கு 30 கன அடி வெளிக்காற்று தேவை என்பது அமெரிக்கப் பொறியாளர்களிடையே ஏற்கப்பட்ட அளவாக இருந்தது.

பனிக்கட்டியும் டன் கணக்கும்

வெப்ப நாடுகளின் தேவை குளிர்ச்சி. இயந்திரம் வருமுன் அதற்கு வழி, இயற்கைப் பனிக்கட்டிதான். அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டிகளை வெட்டி, மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்பினார். 1833இல் அது கல்கத்தாவை அடைந்தது. சென்னைக் கடற்கரையில் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டப்பட்ட கிடங்கே ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனால் அப்பகுதி இன்னும் ஐஸ் ஹவுஸ் என்றே வழங்குகிறது.

'ஒன்றரை டன் ஏசி' என்னும்போது நாம் சொல்வதும் பனிக்கட்டிக் கணக்குதான். சுமார் 907 கிலோ எடையுள்ள ஓர் அமெரிக்க டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது ஈர்க்கும் வெப்பமே ஒரு டன் குளிர்விப்புத் திறன். அது ஏறத்தாழ 3.5 கிலோவாட். இயந்திரத்தின் எடைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இயந்திரக் குளிர்ச்சிக்கு அடித்தளமிட்டவர்களுள் ஜேக்கப் பெர்கின்ஸ் ஒருவர். எளிதில் ஆவியாகும் நீர்மம் ஆவியாகும்போது வெப்பத்தை ஈர்க்கும். அந்த ஆவியை அமுக்கிக் குளிர்வித்தால் வெப்பத்தை வெளியே விட்டு மீண்டும் நீர்மமாகும். இச்சுழற்சிக்கு அவர் 1834இல் காப்புரிமை பெற்றார். ஃபுளோரிடாவில் காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க முயன்ற மருத்துவர் ஜான் கோரி, 1851இல் பனிக்கட்டி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதை விற்பனைக்குக் கொண்டுவர இயலாமலே 1855இல் காலமானார்.

காகிதத்துக்காகப் பிறந்த ஏசி

இன்றைய வளிப்பதனம் மனிதரின் சுகத்துக்காகத் தொடங்கியதன்று. 1902ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம் கோடைக்கால ஈரத்தால் திணறியது. வண்ணப் படங்களை ஒரு நிறத்துக்குப் பின் மற்றொன்றாகப் பல முறை அச்சிட வேண்டும். இடையில் ஈரத்தால் காகிதம் விரிந்தால் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தா. இதற்குத் தீர்வு காணும் பொறுப்பு, 25 வயதான பொறியாளர் வில்லிஸ் கேரியரிடம் வந்தது.

குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருள்கள்மீது காற்றைச் செலுத்தினார் கேரியர். காற்று குளிரும்போது அதிலுள்ள நீராவி, குளிர்பானப் புட்டியின்மேல் துளிப்பதுபோல் சுருளில் படிந்து வடிந்தது. சுருளின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தினால் ஈரப்பதத்தையும் கட்டுப்படுத்தலாம் என்பதே அவர் கண்ட வழி. அச்சகத்தின் ஈரப்பதத்தை 55 விழுக்காட்டில் நிறுத்துவது இலக்காக இருந்தது.

1906இல் நூற்பாலைப் பொறியாளர் ஸ்டூவர்ட் கிராமர், ஆலைக் காற்றின் ஈரத்தைச் சீராக்கும் முறைக்குக் 'காற்றைப் பதப்படுத்தல்' என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் சூட்டினார். வளிப்பதனம் என்ற தமிழ்ச் சொல்லிலும் அந்தப் 'பதம்' இருக்கிறது. ஏசி என்பது வெறும் குளிர்ச்சியன்று என்பதை இரு மொழிப் பெயர்களும் நினைவூட்டுகின்றன.

மூடிய கண்ணாடிக் கட்டடங்கள்

1925இல் நியூயார்க்கின் ரிவோலி திரையரங்கில் கேரியரின் குளிரூட்டி இயங்கத் தொடங்கியபின், பொதுமக்கள் அதைத் தேடி வந்தனர். 1928இல் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் 21 தளங்கள் கொண்ட மைலம் கட்டடம் முழுவதும் குளிரூட்டப்பட்ட அலுவலகமாகத் திறக்கப்பட்டது.

அதற்கு முன் அலுவலக அறைகள் சன்னலை ஒட்டியே அமைய வேண்டியிருந்தது. வெளிச்சமும் காற்றும் வேறு வழியில் வாரா. ஏசியும் குழல்விளக்கும் அந்தக் கட்டாயத்தை நீக்கின. 1952இல் நியூயார்க்கில் எழுந்த லீவர் ஹவுஸின் சன்னல்கள் திறக்கவே முடியாதவை. அத்தகைய கண்ணாடிக் கட்டடங்கள் உலகெங்கும் பரவின. அவற்றுக்குள் இருப்போர் சுவாசிக்கும் காற்று முழுவதும் இயந்திரத்தின் கையில் வந்தது.

குறைந்த காற்று, கூடிய நோய்

1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடி எரிசக்தியின் விலையை ஏற்றியது. வெளிக்காற்றைக் குளிர்விக்கவோ சூடாக்கவோ செலவு அதிகம். உள்ளிருக்கும் காற்றையே சுழலவிட்டால் மிச்சமாகும். 1981இல் அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் தரம், புகைபிடிக்காத அலுவலகங்களில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 5 கன அடியே போதும் என்றது. முன்பிருந்த 30 கன அடியில் இது ஆறில் ஒரு பங்கு.

இத்தகைய கட்டடங்களில் தலைவலி, கண் எரிச்சல், சோர்வு என்ற புகார்கள் பெருகின. கட்டடத்தை விட்டு வெளியேறியதும் அவை தணிந்தன. இது 'நோயுற்ற கட்டட நோய்க்குறி' எனப் பெயர் பெற்றது. 1989இல் ஆஷ்ரே குறைந்தபட்ச அளவை 15 கன அடியாகவும், அலுவலகங்களுக்கு 20 கன அடியாகவும் உயர்த்தியது.

பராமரிப்பின் தேவையை வேறொரு நிகழ்வு உணர்த்தியது. 1976 சூலையில் பிலடெல்பியாவின் ஓர் ஓட்டலில் முன்னாள் படைவீரர் மாநாடு நடந்தது. அதைத் தொடர்ந்து 221 பேர் நோயுற்றனர். 34 பேர் இறந்தனர். 1977 சனவரியில் காரணியான பாக்டீரியா கண்டறியப்பட்டு லெஜியோனெல்லா எனப் பெயரிடப்பட்டது. வெதுவெதுப்பான தேங்கு நீரில் வளரும் இது, ஏசி அமைப்பின் கூலிங் டவரிலிருந்து நுண்துளிகளாகப் பரவக்கூடியது.

2020 சனவரியில் சீனாவின் குவாங்சோ நகர உணவகமொன்றில், அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்த மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 10 பேருக்குக் கொரோனா தொற்றியது. அங்கு வெளிக்காற்று போதிய அளவு வராமல், ஏசி அதே காற்றைச் சுழற்றிக்கொண்டிருந்ததை ஆய்வுகள் சுட்டின.

இன்றைய நிலை

பெரிய கட்டடங்களில் வெளிக்காற்றும் திரும்பும் காற்றும் ஓர் அறையில் கலந்து, வடிகட்டியையும் குளிர்ச்சுருளையும் கடந்து குழாய்கள் வழியே அறைகளுக்குச் செல்கின்றன. மக்கள் நெரிசலைக் கரியமில வாயு உணரிகள் அளந்து, வெளிக்காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கின்றன. வெளியேறும் காற்றின் குளிர்ச்சியை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றும் கருவிகளால் மின்செலவும் குறைகிறது.

வீடுகளிலும் சிறு வகுப்பறைகளிலும் உள்ள சாதாரண ஸ்பிளிட் ஏசியில் இந்த ஏற்பாடு இல்லை. வெளியே உள்ள பெட்டி வெப்பத்தை மட்டுமே வெளியேற்றுகிறது. அறையின் காற்றை அது மாற்றுவதில்லை. கதவும் சன்னலும் மூடியிருக்கும்வரை அறையில் உள்ளோர் விட்ட மூச்சுக்காற்றே குளிர்ந்து திரும்பி வரும். அவ்வப்போது சன்னலைத் திறப்பதோ காற்றுவெளியேற்றி விசிறியை இயக்குவதோ, ரீட் தரையில் துளையிட்டுச் செய்த அதே வேலையைச் செய்கிறது.